தஞ்சை தந்த பன்னீர்செல்வம்

காவிரி பாய்ந்து வளம் கொழிக்கும் தஞ்சைத் தரணி, நெல்லோடு தமிழையும் விளைவித்த பெருமைக்குரியது. அம்மண்ணில், செல்வபுரம் என்னும் சிற்றூரில் 1888 சூன் முதல் நாள் பிறந்தவர் ஏ. டி. பன்னீர்செல்வம். கிறித்தவ நிலக்கிழார் குடும்பத்தில் தோன்றிய அவர், இங்கிலாந்து சென்று பாரிஸ்டர் பட்டம் பெற்றுத் திரும்பித் தஞ்சையில் வழக்குரைஞரானார்.

1924 முதல் 1930 வரை தஞ்சை மாவட்டக் கழகத்தின் தலைவராக அவர் ஆற்றிய பணிகளுள் இரண்டு என்றும் நினைக்கத்தக்கவை. மராட்டிய மன்னர் அறக்கட்டளை வழிவந்த ஒரத்தநாடு, இராசாமடம் விடுதிகளில் ஒரு சாதி மாணவர்க்கே அதுவரை இடமிருந்தது. அவற்றின் கதவுகளை அனைவர்க்கும் திறந்துவிட்டார். வடமொழிக்கே உரியதாயிருந்த திருவையாற்றுக் கல்லூரியில், கரந்தைத் தமிழ்ச் சங்கத் தலைவர் உமாமகேசுவரனாரோடு இணைந்து, தமிழுக்கும் இருக்கை பெற்றுத் தந்தார்.

1937 தேர்தலில் 215 இடங்களுள் 159 இடங்களைக் காங்கிரசு வென்றது. நீதிக்கட்சியின் பெருந்தலைவர் பலர் வீழ, பன்னீர்செல்வம் வென்று எதிர்வரிசையில் அமர்ந்தார். 1938இல் இராசாசி அரசு 125 பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. நான்கு மொழியினர் வாழ்ந்த மாகாணத்தில் தமிழ் மாவட்டங்களே கொதித்தெழுந்தன. ஆந்திர மாவட்டங்களில் அத்தகைய கிளர்ச்சி எழவில்லை. அவையில் வாக்கு எண்ணிக்கை அரசின் பக்கமே நின்றது. வெளியே ஆயிரவர்க்கு மேல் சிறை புகுந்தனர்; குடந்தைத் தாளமுத்து 1939 மார்ச்சில் சிறைவாசத்தின்போது உயிர்நீத்தார். அவையில் தோற்கும் என்றறிந்தும் பன்னீர்செல்வம் எதிர்ப்புக் குரலைத் தாழ்த்தவில்லை. பெரியார் சிறையிலிருந்தபோது, 1938 திசம்பர் மாநாட்டில் அவரது தலைமையுரையைப் படித்தவரும் இவரே.

1939 செப்டம்பரில் போர் மூண்டது. முதல் உலகப் போரில், 1917 கனடாத் தேர்தலின்போது, கட்டாயப் படைச்சேர்ப்பு ஆங்கிலம் பேசுவோரையும் பிரெஞ்சு பேசும் கியூபெக்கையும் இரு கூறாக்கிற்று. இங்கோ இந்தியரைக் கட்டாயமாகப் படையில் சேர்க்கும் சட்டம் வரவில்லை. பிளவுக்கு வித்திட்டது பள்ளிச் சிறார்மேல் சுமத்தப்பட்ட மொழி. மக்களைக் கேளாமல் இந்தியாவைப் போரில் இணைத்ததைக் கண்டித்துக் காங்கிரசு அமைச்சரவை அக்டோபரில் விலகியது. நீதிக்கட்சியோ ஆங்கிலேயரின் போர் முயற்சியை ஆதரித்தது. மொழியில் மக்கள் இசைவை வேண்டிய கட்சி, போரில் அவ்விசைவை வற்புறுத்தாது நின்றது வரலாற்றின் முரணே. பன்னீர்செல்வத்தின் பெருமையை எழுதுவோர் இதனையும் எழுதவே வேண்டும்.

1940 பிப்ரவரி 21 அன்று கட்டாய இந்தி ஆணை திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் இலண்டனில் இந்திய மந்திரியின் ஆலோசகராகும் பொறுப்பு அவரை அழைத்திருந்தது. ஒன்பதாம் நாள், மார்ச் 1 அன்று, அவர் சென்ற 'ஹனிபல்' விமானம் ஓமன் வளைகுடாவில் மறைந்தது. உடன் சென்ற எழுவரும் மீளவில்லை. வெற்றியின் செய்தியைக் கேட்ட செவி, வாழ்த்தைக் கேட்க ஊர் திரும்பவில்லை. கடலோடு கலந்த அவர்க்குக் கல்லறையும் இல்லை. அவர் திறந்துவிட்ட விடுதிக் கதவுகளும் திருவையாற்றுத் தமிழ் வகுப்புமே நினைவுச் சின்னங்கள்.