செவிவழிக் கல்வி: டாக்டர் உ. வே. சாமிநாதையர்

பழந்தமிழ்ச் சுவடிகளைத் தேடி அச்சேற்றிய மகாமகோபாத்தியாய டாக்டர் உ. வே. சாமிநாதையரை அறியாதார் இலர். எனினும், அப்பெரியாரின் இளமைக் கல்வி அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்து ஊர்களில் இசையோடு கலந்து வளர்ந்ததென்பதை அறிந்தார் சிலரே.

ஐயரவர்கள் 1855-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 19-ஆம் நாள் பிறந்தார். தந்தையார் வேங்கடசுப்பையர், உடையார்பாளையம் சமஸ்தான வித்துவான் கனம் கிருஷ்ணையரிடம் சங்கீதம் பயின்றவர். இராமாயணப் பிரசங்கம் செய்து குடும்பத்தைக் காத்துவந்தார். ஆதரிப்பார் உள்ள ஊர்தோறும் குடும்பம் பெயர்ந்து சென்றது. ஆகவே, ஒரே பள்ளியில் நிலைத்துக் கற்கும் வாய்ப்பு அவ்விளைஞருக்கு இல்லை. ஆயினும் வீட்டில் ஓயாது ஒலித்த பாட்டே அவர் செவியைப் பண்படுத்தியது.

அரியலூரில் சடகோபையங்கார் அவருக்குத் தமிழ்ச்சுவையைக் காட்டினார். இசைப்பயிற்சியும் உடைய அவ்வாசிரியர், செய்யுளை இசையோடு சொல்லிப் பொருளை விரித்துரைப்பார். ஓசை முதலிலும் பொருள் பின்னுமாக அமைந்த அப்பாடத்தில் நூல் சுமையாகத் தோன்றவில்லை. பின்னர்க் குன்னத்திலும் கார்குடியிலும் கல்வி தொடர்ந்தது. பெரம்பலூரை அடுத்த செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியார் யாப்பருங்கலக்காரிகையைக் கற்பித்தார். அதுவரை செவி உணர்ந்த ஓசைக்கு அசை, சீர், தளை என்னும் இலக்கணம் அங்கே கிடைத்தது.

1871-இல் மாயூரத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணாக்கராய்ச் சேர்ந்தபோது, கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சங்கீதமும் பயின்றார். சங்கீதப் பயிற்சி தமிழ்ப் படிப்புக்கு இடையூறாகுமென்பது பிள்ளையவர்கள் கருத்து. தந்தையின் கலையோ, ஆசிரியரின் தமிழோ என்னும் நிலை வந்துற்றது. மாணாக்கர் இசைப்பாடத்தைக் கைவிட்டார். ஆனால் பழகிய செவி அவரைக் கைவிடவில்லை.

பழைய ஏடுகளிற் புள்ளி இராது. எகர ஏகாரங்களுக்கும், ஒகர ஓகாரங்களுக்கும் வரிவேற்றுமை இராது. காலுக்கும் ரகரத்துக்கும் உருவொன்றே. செய்யுள் அடிபிரியாது உரைநடைபோலத் தொடர்ந்து ஓடும். கற்றாரும் இடறும் அவ்வேடுகளிற் கண் மயங்குமிடத்துச் செவியே வழிகாட்ட வல்லது. ஓசை எங்கே சிதைகின்றதோ அங்கே பாடம் பிழையென்று அறியலாம். இத்தகைய ஏடுகளினின்றே 1887-இல் சீவகசிந்தாமணியும், 1892-இல் இசைநுணுக்கங்கள் செறிந்த சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும் அவர் முயற்சியால் அச்சேறின. தாம் விட்ட கலைக்குக் கடன் செலுத்துவார்போல, கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார் முதலியோர் வரலாறுகளையும் எழுதினார். 1942-இல் மறைந்தார்.

தாளத்தை உணரும் ஆற்றலுக்கும் சொல்லின் ஒலிகளைப் பிரித்தறிந்து வாசிக்கும் ஆற்றலுக்கும் தொடர்புண்டென இக்காலத்து ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். பாட்டினால் மட்டும் படிப்பு நிரம்பிவிடாது. செங்கணத்துக் காரிகைப்பாடமும் வேண்டும். ஆயினும், நம்மிற் பலர் நாளை ஆசிரியராகப் போகின்றோம். எழுத்துக்கூட்ட இயலாது தலைகவிழும் சிறுவனை மந்தனென்று ஒதுக்குமுன், அப்பாட்டை ஒருமுறை தாளமிட்டு அவனோடு பாடிப் பார்ப்போமாக.