கூரத்தாழ்வான் திருமாளிகை

காஞ்சீபுரத்தை அடுத்த கூரம் என்னும் சிற்றூரில், ஓராயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், விடியற்காலம் முதல் இரவு வரை அடையாத திருவாசல் ஒன்று இருந்தது. அத்திருமாளிகைக்கு உரியவர் ஸ்ரீவத்ஸாங்கர் என்னும் திருமறுமார்பன். 1010-ஆம் ஆண்டு தை மாதம் ஹஸ்த நட்சத்திரத்தில், ஹாரீத கோத்திரத்துச் செல்வக் குடியில் அவதரித்தவர் என்பது மரபு. அவர்தம் தேவிகளின் திருநாமம் ஆண்டாள். வைணவ உலகம் இம்மகானைக் கூரத்தாழ்வான் என்றும், உரிமையோடு ஆழ்வான் என்றும் போற்றும்.

தேவப்பெருமாளைச் சேவிக்க உச்சி வெயிலில் கால் கொப்பளிக்க நடந்து வந்த ஒருவர் அத்திருமாளிகைத் திண்ணையில் அமர்ந்தால், அவரை எழுப்பி விசாரிப்பார் இல்லை. ஸ்ரீவைஷ்ணவ கிருஹங்களில் வழிவழியாக நின்ற முறை யாவரும் அறிந்ததே. முதலில் கால் அலம்பச் சொம்பில் நீர் வரும். பெருமாளுக்குத் தளிகை ஸமர்ப்பித்ததும் தீர்த்தமும் திருத்துழாயும் வரும். பின்பு வாழையிலையில் சாதம், கறியமுது, சாற்றமுது, தயிரமுது. விசேஷ நாளாயின் திருக்கண்ணமுது. வந்தவர் போதுமென்று கையை மறித்த பிறகும் இன்னும் ஒரு கரண்டி விழும். விருந்தினர் எல்லோரும் கை அலம்பி எழுந்த பிறகே கிருஹஸ்தரும் தேவிகளும் அமுது செய்வது வழக்கம். கூரத்தில் இஃது ஒரு நாள் இருநாள் நடந்ததன்று, நாள்தோறும் நடந்தது. பாகவதர்களுக்கு மட்டுமன்றி, ஏழைகளுக்கும் கண்ணிழந்தோர்க்கும் கால் முடங்கியோர்க்கும் அவ்வாசல் திறந்திருந்தது.

கடைசி அதிதியும் உண்டு சென்ற பின்னர், இரவில் அக்கனத்த கதவுகளை அடைப்பார்கள். அவ்வோசை ஓர் இரவு காஞ்சியில் பெருந்தேவித் தாயாரின் திருச்செவியில் விழுந்ததாம். அஃது என்ன ஓசை என்று தாயார் வினவ, கூரத்தில் ததீயாராதனம் முடிந்து ஆழ்வான் திருமாளிகைக் கதவு அடைபடும் ஓசையே அது என்று திருக்கச்சிநம்பி விண்ணப்பித்தார். அவ்வளவு சிறப்புடைய அடியவரைக் காணத் தாயார் விரும்பினார். செய்தி ஆழ்வானுக்கு எட்டியது.

வேறொருவராயின் அன்றே ஊரழைத்து விழா எடுத்திருப்பார். கோயிலுக்கு ஒரு குழல் விளக்கை உபயம் செய்துவிட்டு, அதன் வெளிச்சம் மறையுமளவுக்குத் தம் பெயரை எழுதிவைப்பாரும் உண்டல்லவா! ஆழ்வானோ திடுக்கிட்டார். தாம் இட்ட அன்னத்தின் ஓசை கேட்கவில்லை. தம் செல்வத்தின் ஓசையன்றோ கேட்டிருக்கிறது என்று அவர் திருவுள்ளம் நொந்தது. இருந்த பொருள் அனைத்தையும் வாரி வழங்கிவிட்டு, தேவிகளுடன் உடுத்த துணியோடு திருவரங்கம் நோக்கிப் புறப்பட்டார்.

காட்டு வழியில் ஆண்டாளுக்கு அச்சம் உண்டாயிற்று. கையில் ஏதேனும் இருந்தாலன்றி வழியில் பயம் ஏது என்று ஆழ்வான் ஐயுற்று வினவினார். அவர் அமுது செய்வதற்காகப் பொன்வட்டில் ஒன்றை மட்டும் எடுத்து வந்ததை அம்மையார் ஒப்புக்கொண்டார். ஆழ்வான் அதை வாங்கிப் புதருக்குள் எறிந்தார். அதன் பின் இருவரும் அச்சமின்றி நடந்தனர்.

திருவரங்கத்தில் அவர்கள் வாழ்ந்தது உஞ்சவிருத்தியால். எத்தனையோ பேருக்கு இலை போட்ட தம்பதிகள், பிறர் வாசலில் நின்று ஏற்ற அரிசியால் அன்றன்றைய பொழுதைக் கழித்தனர். ஒருநாள் ஓயாத மழை. ஆழ்வான் உஞ்சவிருத்திக்குச் செல்ல இயலவில்லை, அடுப்பு எரியவில்லை. இரவில் பெருமாள் அரவணை அமுது செய்யும் மணியோசை கேட்டது. அடியவர் பட்டினி கிடக்கத் தேவரீர் மட்டும் அமுது செய்வதோ என்று ஆண்டாள் மனத்தில் ஒரு கணம் நினைத்தார். அந்நினைவு அரங்கனுக்கு எட்டியது. அவன் நியமனப்படி உத்தமநம்பி கோயில் மரியாதைகளுடன் பிரசாதத்தை ஏந்தி அக்குடிலுக்கு வந்தார். ஆழ்வான் பதறினார், தேவிகள் நினைத்ததை அறிந்து வருந்தினார். எனினும் பெருமாள் பிரசாதத்தை மறுக்கலாகாது. இரண்டு திரளை மட்டும் ஏற்று, தாம் சிறிது உட்கொண்டு, எஞ்சியதைத் தேவிகளுக்கு அளித்தார். அப்பிரசாத மகிமையால் பிறந்தவர்களே பராசரபட்டரும் அவர் தம்பி வேதவியாஸபட்டரும்.

உடையவரைவிட ஆழ்வான் வயதில் ஏழாண்டு மூத்தவர். ஆயினும் சீடராய் அவர் திருவடிகளைப் பற்றி, போதாயன விருத்தியைத் தேடிக் காஷ்மீரம் வரை உடன் சென்றார். ஸ்ரீபாஷ்யம் உருவானபோது அதனை ஏடுபடுத்தினார். நூல்கள் கிருமிகண்டன் என்று குறிக்கும் சோழன் உடையவரை அழைத்துவர ஆள் விடுத்த காலத்தில், அவருடைய காஷாயத்தைத் தாம் தரித்து, பெரியநம்பியுடன் அரசவைக்குச் சென்று, இரு கண்களையும் இழந்தார். கூரத்தில் கண்ணிழந்தோரைக் கைப்பிடித்து இலையின் முன் அமர்த்தியவரைப் பிறர் கைப்பிடித்து அழைத்து வர நேர்ந்தது.

அக்கொடுமைக்கு அரசனைத் தூண்டியவன் நாலூரான். பல்லாண்டுகள் கழிந்து உடையவர் திருநாராயணபுரத்திலிருந்து மீண்ட பின், ஆழ்வான் காஞ்சியில் வரதராஜஸ்தவம் அருளிச்செய்தார். பெருமாள் உகந்து வேண்டும் வரம் கேட்கப் பணித்தபோது, கண்ணைக் கேட்பார் என்றே எல்லோரும் எதிர்பார்த்தனர். ஆழ்வானோ தாம் பெறும் பேற்றை நாலூரானும் பெறவேண்டும் என்று விண்ணப்பித்தார். கூரத்துக் கதவேனும் இரவில் அடைபடும். இக்கதவு தம் கண்ணைக் கெடுத்தவனுக்கும் அடைபடவில்லை.

முதுமையில், திருவரங்கத்தில், நம்பெருமாள் திருமுன்பே வீடுபேற்றை வேண்டிப் பெற்றார். அவரைச் சேர்ந்தவர்க்கும் அப்பேறு உண்டு என்று பெருமாள் அருளியதைக் கேட்ட உடையவர், ஆழ்வானோடு தமக்குள்ள சம்பந்தத்தை நினைந்து, மேலுத்தரீயத்தை ஆகாயத்தில் எறிந்து மகிழ்ந்தாராம். ஆனால் பிரிவு நெருங்கியதும் அவராலும் தாங்க முடியவில்லை. தம்மை விட்டு முந்திச் செல்வது ஏன் என்று கண்ணீருடன் வினவினார்.

ஆழ்வான் முறையை எடுத்துரைத்தார். பரமபதத்தில் புதிதாக வருபவரை முன்னே சென்றவர்கள் எதிர்கொண்டு அழைப்பர். ஆசாரியர் முதலில் எழுந்தருளினால், பின்னால் வரும் சீடனை எதிர்கொள்ள அவரே வாசலுக்கு வரவேண்டியதாகும்; அது தகாது. ஆகவே தாம் முன்னதாகச் சென்று, உடையவர் வரும்போது எதிர்கொள்ளக் காத்திருக்க விரும்புவதாக விண்ணப்பித்தார்.

உடையவர் விடை கொடுத்தார். குமாரர்களும் தேவிகளும் அருகிருக்க, ஆழ்வான் ஆசாரியர் திருவடிகளைச் சிந்தித்தவாறே திருநாடு அலங்கரித்தார். உடையவர் அதன் பின்னும் சில காலம் திருவரங்கத்தில் எழுந்தருளியிருந்தார்.