ஆசிரியர் மயில்வாகனனார்

ஈழத்தின் கீழ்க்கரையிலே, கல்முனைக்குத் தெற்கே, சாய்ந்தமருதுக்கும் நிந்தவூருக்கும் இடையே அமைந்த சிற்றூர் காரைதீவு. இருமருங்கும் தமிழ் பேசும் முஸ்லிம் மக்களின் ஊர்கள், கிழக்கே கடல், மேற்கே நெல்வயல். அந்நாளில் மட்டக்களப்பு மாவட்டத்தின் பாற்பட்டிருந்த இவ்வூர், 1961 முதல் அம்பாறை மாவட்டத்தைச் சேர்ந்தது. இங்கே 1892ஆம் ஆண்டு சாமித்தம்பியாருக்கும் கண்ணம்மையாருக்கும் மகனாய்த் தோன்றிய மயில்வாகனனாரே, பின்னாளில் விபுலாநந்த அடிகள் எனப் போற்றப்பெற்ற பெரியார். துறவி, யாழ்நூலாசிரியர், பேராசிரியர் என அடிகளாரைப் பலவாறு ஏத்துவர். இவை யாவற்றுக்கும் அடித்தளமாய் நின்றது அவர் இளமையில் மேற்கொண்ட ஆசிரியத் தொழிலேயாம்.

கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும், பின்னர் மட்டக்களப்பு புனித மிக்கேல் கல்லூரியிலும் ஆங்கிலக் கல்வி பெற்ற மயில்வாகனனார், பதினாறாம் வயதில் கேம்பிரிட்ஜ் சீனியர் பரீட்சையில் சித்தியெய்தினார். சில காலம் ஆசிரியராயிருந்தபின் 1911இல் கொழும்பு அரசினர் ஆசிரியப் பயிற்சிக் கலாசாலையிற் சேர்ந்தார். 1912இல் பயிற்றப்பட்ட ஆசிரியராய் வெளியேறித் தாம் பயின்ற புனித மிக்கேல் கல்லூரிக்கே ஆசிரியராய் மீண்டார். அப்போது அவருக்கு வயது இருபது.

பயிற்சிப் பத்திரம் கைக்கு வந்ததும் கல்வி முற்றுப்பெற்றதெனக் கருதுவோர் எக்காலத்தும் உளர். நிலையான ஊதியமும் ஊராரின் மதிப்பும் அக்கருத்துக்குத் துணைபுரிவன. மயில்வாகனனாரோ பயிற்றப்பட்ட பின்னரே மிகுதியாகக் கற்றார். கொழும்பிலே தொழில்நுட்பக் கல்லூரியிற் பயின்று 1916இல் விஞ்ஞான டிப்ளோமாப் பெற்றார். அவ்வாண்டிலேயே மதுரைத் தமிழ்ச்சங்கத்தின் பண்டிதப் பரீட்சையிலும் தேறினார். ஈழத்தவருள் அப்பட்டத்தை முதற்கண் எய்தியவர் அவரே. 1917இல் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியில் விஞ்ஞான ஆசிரியரானார். பகலிற் கற்பித்தவாறே லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்துக்கும் படித்துத் தேறினார். மாணாக்கர்க்கு உரைத்தற்பொருட்டுத் தாமும் மாணாக்கராயிருத்தலே அவர்தம் ஆசிரியவியல்பு.

1920இல் மானிப்பாய் இந்துக் கல்லூரி அவரைத் தலைமையாசிரியராய் ஏற்றது. முப்பது வயதை எட்டுமுன் வாய்த்த பதவி அது. எனினும் 1922இல் அப்பதவியைத் துறந்து சென்னை மயிலாப்பூர் இராமகிருஷ்ண மடத்தை அடைந்தார். 1924இல் விபுலாநந்தர் என்னும் துறவுப்பெயர் பூண்டார். ஊதியத்தைத் துறந்தாரேயன்றிக் கற்பித்தலைத் துறந்தாரல்லர். ஈழம் மீண்டு இராமகிருஷ்ண சங்கப் பாடசாலைகளைப் பேணினார். 1929இல் மட்டக்களப்புக் கல்லடி உப்போடையிலே சிவாநந்த வித்தியாலயத்தை நிறுவினார். 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் தமிழ்ப் பேராசிரியரானார்.

அடிகளாரின் கல்விப்பணி சமய எல்லைக்குள் அடங்கியதன்று. வண்ணார்பண்ணை வைத்தீஸ்வர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் பயின்ற ஏ. எம். ஏ. அசீஸ், 1942இல் கல்முனையில் உதவி அரசாங்க அதிபராய் அமர்ந்தபோது அடிகளாரோடு நட்புப் பூண்டார். அவ்வாண்டிலேயே கல்முனையில் முஸ்லிம் கல்விச் சங்கம் அமைய முன்னின்ற அசீஸ், 1948இல் சிவில் சேவையை விடுத்துக் கொழும்பு சாஹிராக் கல்லூரியின் அதிபரானார். உயர்பதவியினும் பள்ளிக்கூடமே பெரிதெனக் கொண்டமையில் இருவரும் ஒரு நெறியினராவர்.

யாழ்நூலை நோக்குவார்க்கும் பழைய விஞ்ஞான ஆசிரியரே தென்படுவர். சிலப்பதிகார அரங்கேற்று காதையிற் கண்ட இசைக்குறிப்புகளைப் பௌதிகத்தாலும் கணிதத்தாலும் ஆராய்ந்து, நரம்புகளின் ஒலியளவை வரையறுத்து, மறைந்துபோன யாழின் இயல்பை விளக்கினார். தமிழ்ப் பண்டிதமும் மேலைநாட்டு விஞ்ஞானமும் ஒருவரிடத்தே கூடியிராவிடின் அந்நூல் எழுந்திராது. 1947 யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரிலே நூல் அரங்கேறியது. அடுத்த மாதம் 19ஆம் நாள் அடிகளார் மறைந்தார். அவர் உடல் சிவாநந்த வித்தியாலய வளவிலே அடக்கஞ் செய்யப்பெற்றது.

பயிற்சிக் கலாசாலையினின்று இன்று வெளியேறும் இளைஞர்க்கு மயில்வாகனனார் வாழ்வு ஒன்றை உணர்த்தும். ஆசிரியர் பெறும் பத்திரம் பிறர்க்குக் கற்பிக்கத் தரப்படும் அனுமதி மாத்திரமன்று. தாம் ஓயாது கற்கவேண்டுமென்னும் கடமையும் அதனோடு வருகின்றது. அக்கடமையை இருபது வயதில் ஏற்று, இறுதி மாதம்வரை வழுவாது காத்தமையே காரைதீவு ஆசிரியரின் பெருமையாகும்.