கொடுக்க ஒன்றுமில்லாதவர் கொடுத்தவை



யூபிலி மலர் என்றால் அதில் பங்குக் குரு ஒரு புனிதரின் வரலாற்றை எழுதுவது வழக்கம். நீங்களும் அதையே எதிர்பார்த்திருப்பீர்கள். இம்முறை நம் ஊரிலேயே ஐம்பத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து 1950-ல் மறைந்த ரமண மகரிஷியைப் பற்றி எழுதத் துணிந்தோம். அவர் நம் திருச்சபையைச் சேர்ந்தவர் அல்லர். அவருடைய தத்துவத்தை ஆராய்வதும் நம் நோக்கமன்று. ஆயினும் பிற சமயங்களில் காணப்படும் உண்மையையும் தூய்மையையும் திருச்சபை ஒதுக்கித் தள்ளுவதில்லை என்பதை இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965-ல் தெளிவாக்கியது. அதற்கு முன்பே, 1949 ஜனவரியில், மொன்ஷனேன், லெ சோ என்னும் பிரெஞ்சுக் குருக்கள் இருவர் ரமணரைக் காண இவ்வூருக்கு வந்து சென்றிருக்கிறார்கள்.

வேறொரு காரணமும் உண்டு. பிறரன்பைப் பற்றி நாம் பிரசங்கம் செய்யும்போதெல்லாம், கொடுப்பதற்குத் தங்களிடம் என்ன இருக்கிறது என்று பூசை முடிந்து நம்மிடம் கேட்பவர்கள் பலர். கோவணமும் கமண்டலமும் தவிர வேறொன்றும் இல்லாத ஒருவர் என்ன கொடுத்தார் என்பதை அவர்களுக்காகவே எழுதுகிறோம்.

அவர் 1879 டிசம்பர் 30-ல் திருச்சுழியில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் வேங்கடராமன். தந்தை இறந்தபின் மதுரையில் சிற்றப்பா வீட்டில் தங்கி, அமெரிக்கன் மிஷன் உயர்நிலைப் பள்ளியில் படித்தார். பதினாறாம் வயதில், 1896 ஆகஸ்டு இறுதியில், தமையனார் கல்லூரிச் சம்பளம் கட்டக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டைச் சீட்டோடு வைத்துவிட்டு, ஒருவரிடமும் சொல்லாமல் ரயிலேறினார்.

அந்தப் பயணத்தைச் சற்று நிதானித்துப் பார்க்க வேண்டும். பணம் தீர்ந்து, மாம்பழப்பட்டிலிருந்து நடந்து, பசியோடு திருக்கோவிலூர்ப் பக்கத்துக் கோயில்களை அடைந்தார். கேட்ட இடத்தில் சோறு கிடைக்கவில்லை. கீழூர்க் கோயிலில் மேளம் வாசிப்பவர் ஒருவர் இதைக் கண்டு, தமக்குரிய பங்குச் சோற்றை இந்தப் பையனுக்குக் கொடுக்கச் சொன்னார். அச்சோற்றுடன் தண்ணீர் தேடிப் போன இடத்தில் பையன் களைத்து விழுந்தான். சோறு தரையில் சிந்தியது. சிந்தியதைப் பொறுக்கி உண்டுவிட்டு அங்கேயே படுத்துக்கொண்டான். மறுநாள் கோகுலாஷ்டமி. முத்துகிருஷ்ண பாகவதர் என்பவர் வீட்டில் வயிறாரச் சாப்பாடு கிடைத்தது. காதிலிருந்த கடுக்கனை அடகாக வைத்துக்கொண்டு பாகவதர் நான்கு ரூபாய் தந்தார். அவ்வீட்டு அம்மாள் வழிக்குப் பலகாரம் கட்டிக் கொடுத்தார். செப்டம்பர் முதல் தேதி காலையில் பையன் திருவண்ணாமலை வந்து சேர்ந்தான்.

மேளக்காரருடைய பெயர்கூட வரலாற்றில் நிற்கவில்லை. ஒருவேளைச் சோற்றைத் தவிர அவர் கொடுத்தது ஒன்றுமில்லை. அந்தச் சோறு இல்லாதிருந்தால் அன்றிரவு அப்பையனின் கதி என்னவாகியிருக்கும் என்று நாம் பலமுறை நினைத்துப் பார்த்ததுண்டு.

இவ்வூரிலும் அவரைக் காப்பாற்றியவர்கள் பெரும்பாலும் எளியவர்களே. பாதாள லிங்கக் குகையில் பூச்சிகள் தொடையை அரிக்க அசைவற்றிருந்தவரைத் தூக்கி வெளியே கொண்டுவந்தார்கள். பின்னர் மலைமேல் வாழ்ந்தபோது கீரைப்பாட்டி என்ற கிழவி மலையில் பறித்த கீரையைச் சமைத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். முதலியார் பாட்டி சோறு கொண்டுவந்தார். கணவனையும் பிள்ளைகளையும் ஒருவர்பின் ஒருவராக இழந்து ஆறுதல் தேடி வந்த எச்சம்மாள், 1945-ல் தாம் இறக்கும் வரை ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் நாள் தவறாமல் அவருக்கு உணவு சமைத்துக் கொடுத்தார். துக்கத்தில் மூலையில் உட்கார்ந்துவிடாமல் ஒரு கை சோறு சமைப்பதிலேயே அந்த அம்மாள் உயிர் தரித்திருந்தார் என்றே நமக்குத் தோன்றுகிறது.

வாங்கி உண்டவர் என்ன கொடுத்தார்? முதலாவது, தண்ணீர்.

1899 முதல் 1916 வரை அவர் விரூபாட்சிக் குகையில் வாழ்ந்தார். அக்காலத்தில் தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்கள் விடியுமுன் கஞ்சியைக் குடித்துவிட்டுப் புல் அறுக்க மலையேறுவார்கள். உச்சி வெயிலில் கட்டைத் தலையில் சுமந்து இறங்கும்போது நாக்கு வறண்டுபோகும். முலைப்பால் தீர்த்தம் பக்கத்திலேயே இருந்தது. ஆனால் அதை அவர்கள் தொடக்கூடாது. நம் பங்கிலேயே புல்லுக்கட்டும் விறகுக்கட்டும் சுமந்த பாட்டிமாரை நினைவில் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. அவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அப்பெண்கள் வரும் நேரம் பார்த்து ரமணர் தண்ணீரோடு காத்திருப்பார். அவர்கள் கட்டை இறக்கிப் போட்டுக் குனிந்து நிற்க, முதலில் முதுகில் தண்ணீர் ஊற்றுவார்; களைப்பு நீங்கியபின் இரு கைகளையும் ஏந்திக் குடிப்பார்கள். குகைக்கு வந்த சோற்றில் நிறையத் தண்ணீர் விட்டு, சுக்கும் உப்பும் போட்டுக் கஞ்சியாக்கி வைத்து, வந்தவர்களுக்கு ஊற்றியதும் உண்டு.

பிராமண குலத்தில் பிறந்தவர் நூறாண்டுகளுக்கு முன் இதைச் செய்தார். அவர் கூட்டம் போட்டுப் பேசவுமில்லை, எவரையும் கண்டிக்கவுமில்லை, தண்ணீர் ஊற்றினார். ஒரே ஞானஸ்நானம் பெற்ற நாம், சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தில்கூட சாதிச் சுவர் எழுப்பியவர்கள். இதை எழுதும்போது நமக்கு வெட்கமாகவே இருக்கிறது.

1922-ல் அவருடைய தாயார் அழகம்மாள் காலமானார். அடக்கம் செய்த இடத்தருகே, மலையடிவாரத்தில், ஆசிரமம் உருவானது. தொடக்கத்தில் அது வெறும் கீற்றுக் கொட்டகைதான். 1924 ஜூன் 26 இரவு அங்கே திருடர் புகுந்தனர். உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்ளட்டும், நாம் வெளியே போய்விடுவோம் என்று ரமணர் மற்றவர்களுக்குச் சொன்னார். வெளியேறியவர்களைத் திருடர் தடியால் அடித்தார்கள். ரமணருக்கும் இடது தொடையில் அடி விழுந்தது. சீடர் ஒருவர் கோபங்கொண்டு திருப்பித் தாக்கப் புறப்பட, அவர் தடுத்துவிட்டார். இருட்டில் தேடுவதற்குத் திருடர் விளக்குக் கேட்டபோது அரிக்கன் விளக்கு ஒன்றைக் கொடுக்கச் செய்தார். இது நம்மால் ஆகுமா என்று கேட்காதீர்கள். நம் ஆலய உண்டியலை எவராவது உடைத்தால் விளக்குப் பிடித்து நிற்போம் என்று நாமும் சொல்லமாட்டோம்.

சமையற்கட்டு நம்மால் ஆகக்கூடியது. புகழ் பரவி வெளிநாட்டாரெல்லாம் தேடி வந்த நாட்களிலும், பல ஆண்டுகள் விடியுமுன் எழுந்து காய்கறி நறுக்குவதும் துவையல் அரைப்பதும் அவர் வேலையாக இருந்தன. இலை தைப்பார். தரையில் கிடக்கும் அரிசியைப் பொறுக்கி எடுப்பார். கீழூரில் சிந்திய சோற்றை அவர் மறக்கவில்லை போலும். பந்தியில் தமக்கென்று எதையும் தனியாகப் பரிமாற விடமாட்டார். நாய்க்கும் குரங்குக்கும் அணிலுக்கும் பெயர் சொல்லி, பிள்ளைகளைப்போல் அவன், அவள் என்றே பேசுவார்.

ஒரு விசேஷ நாளில் பெருங்கூட்டம். பந்திக்கு முன் நெருக்கி வந்த ஏழைகளை நோக்கி, பரதேசிகளுக்கு இப்போது இடமில்லை என்று தொண்டர் ஒருவர் சத்தம் போட்டார். சாப்பாட்டு நேரத்தில் ரமணரைக் காணோம். தேடிப் போனால், தூரத்தில் ஒரு மரத்தடியில் உட்கார்ந்திருக்கிறார். பரதேசிகளைப் போகச் சொன்னார்கள், தாமும் ஒரு பரதேசிதானே, அதனால் எழுந்து வந்துவிட்டதாகச் சொன்னாராம். அதுமுதல் ஏழைகளுக்கு முதலில் சோறு என்பது அங்கே ஒழுங்காயிற்று. சென்ற ஆண்டு நம் திருவிழா அசனத்தில் விருந்தினர் எழுந்திருக்கும் வரை வாசற்கதவைச் சாத்தி வைக்கச் சொன்னவர் யார் என்பது உங்களுக்குத் தெரியும். பங்குக் குருவாகிய நாமேதான். யூபிலி விருந்தில் அந்த வரிசை மாறும்.

முதுமையில் அவருக்கு ஓய்வு வேண்டும் என்று நண்பகலில் இரண்டு மணி நேரம் மண்டபத்தைச் சாத்த நிர்வாகத்தார் ஏற்பாடு செய்தார்கள். அவரோ எழுந்து வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். தரிசனத்துக்கு வருபவர்களுக்குத்தான் உள்ளே வரத் தடை, தமக்கு வெளியே போகத் தடை இல்லை என்பது அவர் கணக்கு. 1949-ல் இடக்கையில் புற்றுநோய்க் கட்டி வந்து, பலமுறை அறுவை செய்தும் மீண்டும் வளர்ந்தது. அப்போதும் வந்தவர்கள் தம்மைப் பார்க்காமல் திரும்பக்கூடாது என்பதில் உறுதியாக இருந்தார்.

1950 ஏப்ரல் 14 இரவு 8.47-க்கு அவர் உயிர் பிரிந்தது. கடைசி நாட்களில், தமக்குப் பணிவிடை செய்த தொண்டரிடம், ஆங்கிலேயர் இதற்குத் தேங்க்ஸ் என்பார்கள், நாம் சந்தோஷம் என்று மட்டும் சொல்வோம் என்றாராம். அந்த நிலையிலும், வெளியே மயில் அகவும் சத்தம் கேட்டபோது, அதற்குத் தீனி போட்டாயிற்றா என்று விசாரித்தார்.