குரலை இழந்து மீட்ட ஜெனி லிண்ட் அம்மையார்

பரிசளிப்பு விழாவிற்குப் பாடத் தெரிவாகி, இரண்டு நாள் முன்னர் தொண்டை கட்டிப்போய் அழுதவர்கள் எம்மில் பலர் உள்ளனர். அவர்களை நினைத்தே இவ்வம்மையாரின் வரலாற்றை இம்மலருக்கு எழுதத் துணிந்தோம்.

ஜெனி லிண்ட் 1820ஆம் ஆண்டு ஒக்டோபர் 6ஆம் திகதி சுவீடனின் ஸ்டொக்ஹோம் நகரிலே பிறந்தார். பெற்றோர் அப்போது மணம் முடித்திருக்கவில்லை. அந்தக் காலத்தில் அது பிள்ளையின் தலையில் விழும் பழி. தாயார் வீட்டிலேயே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளி நடத்திச் சீவித்தார். சிறுமி ஜெனி தன் பூனைக்குப் பாடிக்கொண்டிருந்ததை, வீதியால் சென்ற ஒரு பணிப்பெண் கேட்டுத் தன் எசமானியான நடன மாதிடம் சொன்னாளாம். அதன் பயனாக ஒன்பது வயதில் அரச நாடக அரங்கின் பயிற்சிப் பள்ளியிற் சேர்ந்தார். ஒபெரா என்பது கதையைப் பாட்டாலேயே நடிக்கும் நாடகம். எங்கள் கூத்துக்குத் தூரத்து உறவு எனலாம்.

1838இல் வெபரின் ஒபெராவிலே தலைமைப் பாத்திரம் ஏற்றார். ஒரே இரவில் ஊர் அவரைக் கொண்டாடியது. கொண்டாட்டம்தான் வினையாயிற்று. சரியான பயிற்சியின்றி இடைவிடாது பாடியதால் இருபது வயதுக்குள் குரல் தேய்ந்துவிட்டது. 1841இல் பாரிஸ் சென்று பெயர்பெற்ற ஆசிரியர் கார்சியாவிடம் பாடிக் காட்டினார். கற்பிப்பதற்குக் குரலே மிஞ்சவில்லை என்று அவர் சொல்லிவிட்டார். ஆறு வாரம் பாடாமலும், இயன்றளவு பேசாமலும் இருந்துவிட்டு வரும்படி மட்டும் பணித்தார். நாடே புகழ்ந்த பாடகி அந்நிய ஊரிலே வாய் திறவாது காத்திருந்தார். பின்பு மூச்சு விடுவது முதற்கொண்டு புதிதாகத் தொடங்கி ஏறக்குறையப் பத்து மாதங்கள் பயின்றார். மேடையில் அவர் பெற்ற வெற்றிகளைவிட இந்தப் பத்து மாதங்களையே நாம் பெரிதாக மதிக்கிறோம்.

அதன் பின்னர் பேர்லின், வியன்னா, 1847இல் லண்டன் என்று புகழ் பரவியது. ஆனால் 1849 மே மாதத்தில், வயது முப்பதாகுமுன்னரே, ஒபெரா மேடையை அடியோடு விட்டார். பக்தி மிகுந்த அவர் மனதுக்கு நாடக வாழ்வு ஒவ்வாமற் போயிற்று. அது சரியான முடிவா என்று எம்மிடையே விவாதம் உண்டு. பாட்டை மட்டும் அவர் விடவில்லை. 1850இல் பார்னம் என்பவரின் ஏற்பாட்டில், கச்சேரி ஒன்றுக்கு 1,000 டொலர் என்ற பேச்சில் அமெரிக்கா சென்றார். பணத்தை முன்கூட்டியே வங்கியில் வைப்பிலிடச் செய்த பின்னரே கப்பலேறினார்! கெட்டிக்காரிதான். தமக்கு வந்த பணத்திற் பெரும்பகுதியைச் சுவீடனில் இலவசப் பாடசாலைகளுக்கும் வேறு தருமங்களுக்கும் கொடுத்தார். அதற்கு முன்பே இங்கிலாந்தின் நோர்விச் நகரிலே தாம் பாடிச் சேர்த்த பணம் குழந்தைகள் வைத்தியசாலைக்கு அடித்தளமாயிற்று.

1852இல் தம்மைவிட எட்டு வயதுக்கு மேல் இளையவரான பியானோக் கலைஞர் ஒட்டோ கோல்ட்ஸ்மிட்டை மணந்து, மூன்று பிள்ளைகளுக்குத் தாயானார்.

1883இல் லண்டன் றோயல் இசைக் கல்லூரியிற் பேராசிரியரானபோது, பாட்டோடு உச்சரிப்பும் மூச்சுப் பயிற்சியும் பியானோவும் ஓர் அந்நிய மொழியும் மாணவியர் கற்கவேண்டுமென வற்புறுத்தினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்னர், கணவர் நடத்திய பாக் பாடகர் குழுவுக்காகப் பெண்குரல்களைப் பழக்கினார். கச்சேரி நாளில், உலகை ஆண்ட அந்தக் குரலோடு குழுவிலே ஒருவராக வரிசையில் நின்று பாடினார். 1887 நவம்பர் 2ஆம் திகதி மோல்வேர்னில் காலமானார்.