ஆபிரகாம் பண்டிதர் – நம்ம பக்கத்துப் பாட்டு வாத்தியார்

மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது என் பணி அனுபவங்களைத்தான். முப்பது வருஷத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியாராக இருந்தவனுக்கு எழுத என்ன பெரிசாக இருக்கப் போகிறது? காலையில் இறைவணக்கம், ஆண்டு விழாவுக்கு வரவேற்புப் பாட்டு, பரீட்சை நெருங்கினால் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிக்கொண்டு போகிற என் பீரியட். அவ்வளவுதான். அதனால் என்னைவிடப் பெரிய ஒரு வாத்தியாரைப் பற்றி எழுதுகிறேன். அவரும் நம்ம பக்கத்துக்காரர்தான்.

சங்கரன்கோவில் தாண்டி சுரண்டைப் பக்கம் போனால் சாம்பவர் வடகரை என்று ஓர் ஊர் வரும். இன்றைக்குத் தென்காசி மாவட்டம். அங்கே 1859 ஆகஸ்ட் 2-ஆம் தேதி முத்துசாமி நாடாருக்கும் அன்னம்மாளுக்கும் பிறந்தவர் ஆபிரகாம் பண்டிதர். தமிழிசை என்று மேடையில் பேசுகிற எல்லோரும் அவர் பெயரைச் சொல்வார்கள். ஆனால் அவர் பிழைப்பைத் தொடங்கியது நம்மைப் போல் சாக்கட்டியும் கையுமாகத்தான் என்பது பலருக்குத் தெரியாது. திண்டுக்கல்லில் ஆசிரியர் பயிற்சி பெற்று, அங்கேயே வேலையும் பார்த்தார். பிடில் கற்றுக்கொண்டதும் அந்த ஊரில்தான். பரம்பரை சங்கீதக் குடும்பம் இல்லை. தாத்தா வித்வான், அப்பா வித்வான் என்ற கதையெல்லாம் அவருக்குக் கிடையாது.

1882-இல் ஞானவடிவு பொன்னம்மாளை மணந்தார். அந்த அம்மாளும் ஆசிரியை. அடுத்த வருஷம் இருவரும் தஞ்சாவூர் போய், லேடி நேப்பியர் பெண்கள் பள்ளியில் ஒரே இடத்தில் வேலைக்குச் சேர்ந்தார்கள். அந்தக் காலத்தில் புருஷன் பெண்டாட்டி இருவருக்கும் மாதச் சம்பளம் என்றால் சும்மாவா! ஆனால் 1890-இல் இருவருமே வேலையை விட்டுவிட்டார்கள். சுருளிமலையில் கருணானந்தர் என்கிற சித்தரிடம் பண்டிதர் இளவயதிலேயே கற்ற மருந்து முறைகள் கையில் இருந்தன. அதை நம்பித்தான் இறங்கினார். கருணானந்தர் பெயரிலேயே மருந்து செய்தார், அது இந்தியாவுக்கு வெளியிலும் விலைபோனது. தஞ்சைக்குப் பக்கத்தில் நிலம் வாங்கி கருணானந்தபுரம் என்று ஒரு பெரிய தோட்டம் போட்டார். பண்டிதர் தோட்டம் என்றால்தான் ஊராருக்குத் தெரியும். அரசாங்கம் ராவ் சாகிப் பட்டம் கொடுத்தது.

இங்கே ஒரு விஷயம். நம்ம ஊர்ப் பெரியவர்களும் இப்படித்தான் புதுத் தொழிலில் துணிந்து இறங்கினார்கள். 1920-களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதையை இங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும். சம்பாதித்தவர்கள் பள்ளிக்கூடம் கட்டினார்கள், கல்லூரி கட்டினார்கள். நாமெல்லாம் அதில் படித்து வந்தவர்கள். பண்டிதர் சம்பாதித்ததை என்ன செய்தார் என்று கேட்டால், பாட்டில் கொண்டுபோய்ப் போட்டார்!

முதலில் அவரை உறுத்தியது ஒரு வாத்தியாருக்கு உறுத்துகிற விஷயம்தான். பாட்டுக் கற்க வருகிற பிள்ளை, சரளி வரிசை, ஜண்டை வரிசை முடித்ததும் பாடுகிற கீதங்கள் அதன் சொந்த பாஷையில் இல்லை. அர்த்தம் புரியாமல் மனப்பாடம் செய்கிறது. அதனால் அவரே தமிழில் தொண்ணூற்றாறு பாடல்கள் செய்து, சுரத்தோடு 1907-இல் 'கருணாமிர்த சாகரத் திரட்டு' என்று புத்தகமாகப் போட்டார். தமிழில் பாட வேண்டும் என்று செட்டிநாட்டரசர் அண்ணாமலைச் செட்டியார் தமிழிசைச் சங்கம் கண்டது 1943-இல். அதற்கு எத்தனை வருஷம் முந்தி என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

என் வகுப்பில் நானும் இதைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் சரவெடி பின்னிவிட்டும், தீப்பெட்டி ஒட்டிவிட்டும் பள்ளிக்கூடத்துக்கு வந்த பிள்ளைகள். தாளம் அவர்களுக்குச் சொல்லித் தரவே வேண்டாம், கை தானாகப் போடும். ஆனால் புரியாத சாகித்தியத்தைக் கொடுத்தால் வாயைத் திறக்காது. தமிழில் கொடுத்தால் கடைசி பெஞ்சும் பாடும்.

அதற்கப்புறம் அவர் பெரிய கேள்விக்குப் போனார். ஒரு ஸ்தாயிக்குள் எத்தனை சுருதி? சாரங்கதேவருடைய சங்கீத ரத்னாகரத்தை வைத்து இருபத்திரண்டு என்று பெரியவர்கள் சொல்லிவந்தார்கள். பண்டிதர் சிலப்பதிகாரத்தைக் கையில் எடுத்தார். குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று ஏழு சுரத்துக்கும் அதில் தமிழ்ப் பெயர் இருக்கிறது. ஆய்ச்சியர் குரவையில் ஏழு பெண்களை ஏழு சுரமாக வட்டத்தில் நிறுத்தியிருக்கிறார் இளங்கோ. அந்த வட்டத்தைப் பன்னிரண்டு வீடாகப் பிரித்து, ச-வில் தொடங்கி ப, அந்தப் ப-வை ச-வாக வைத்து அதற்கொரு ப என்று போய்க்கொண்டே இருந்தால் பன்னிரண்டு சுரமும் வந்துவிடும். ஒவ்வொன்றையும் சரிபாதியாக்கினால் இருபத்து நான்கு. இருபத்திரண்டு எப்படி வரும் என்று கேட்டார்.

இயற்பியல் படிக்கிற தம்பி தங்கைகள் உடனே மடக்குவீர்கள். ச-ப என்பது ஒன்றரை மடங்கு. ஒன்றரையைப் பன்னிரண்டு தடவை பெருக்கினால் 129.7 சொச்சம் வரும், ஏழு ஸ்தாயிக்கு 128-தானே வர வேண்டும் என்று. சரிதான். அந்தச் சொச்சத்தைச் சமமாகப் பங்கிட்டால்தான் அவர் வட்டம் மூடும். பியானோவிலும் அதைத்தான் செய்கிறார்கள். நம் பாடகர்கள் தொண்டையில் பிடிக்கிற காந்தாரம் இந்தச் சமக்கணக்குக்குள் அடங்குமா என்று அன்றைக்கே சண்டை போட்டார்கள், இன்னமும் முடியவில்லை. என்னைக் கேட்டால், விடையைவிட அவர் தேடின வழிதான் பெரிசு. பாட்டுக்கு இலக்கணம் வேண்டுமென்றால் சிலப்பதிகாரத்தையும் திறந்து பார்க்கலாம் என்று காட்டினாரே, அது!

சொன்னதை நாலு பேர் முன்னால் நிரூபிக்க 1912-இல் தஞ்சாவூரில் சங்கீத வித்யா மகாஜன சங்கம் தொடங்கி, மாநாடு மேல் மாநாடாக நடத்தினார். வித்வான்களைக் கூப்பிட்டு, சோறு போட்டு, தங்க வைத்து, தன்னையே எதிர்த்துப் பேசச் சொன்னார். எல்லாம் சொந்தக் காசு. 1916-இல் பரோடாவில் மகாராஜா ஆதரவில் அகில இந்திய சங்கீத மாநாடு நடந்தபோது, தம் பெண்கள் மரகதவல்லியையும் கனகவல்லியையும் கூட்டிக்கொண்டு போனார். பாத்கண்டே போன்ற பெரியவர்கள் கூடிய சபையில், அப்பாவின் கணக்கைப் பெண்கள் இசையில் செய்து காட்டினார்கள். கௌரவமான வீட்டுப் பெண் நாலு பேர் முன்னால் பாடலாமா என்று ஊர் யோசித்துக்கொண்டிருந்த காலம் அது. சம்பளத்தை விட்டதைவிட இதற்குத்தான் அதிகத் தைரியம் வேண்டும் என்பது என் எண்ணம். நன்றாகப் பாடின எத்தனையோ பெண்பிள்ளைகளை எட்டாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு போனதைப் பார்த்தவன் நான்.

1917-இல் 'கருணாமிர்த சாகரம்' வெளிவந்தது. ஆயிரத்து முந்நூறு பக்கத்துக்கு மேல். எந்தப் பிரஸ் இதை ஏற்கும்? அவரே தஞ்சையில் லாலி மின்சார அச்சகம் என்று வைத்திருந்தார், அதில் அடித்தார். அச்சுத் தொழிலில் இருக்கிற நம் சிவகாசி நண்பர்களுக்கு, ஈய எழுத்தைக் கையால் கோர்த்துச் சுரக் குறிப்பும் கணக்கு அட்டவணையுமாக அத்தனை பக்கம் அடிப்பது என்ன பாடு என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

புத்தகம் வந்து இரண்டு வருஷத்தில், 1919 ஆகஸ்ட் 31-ஆம் தேதி, அறுபது வயதில் காலமானார். இரண்டாம் புத்தகம் வேலை முடிந்தும் முடியாமலும் நின்றது. சொத்து இருக்கிற வீட்டில் இப்படிப்பட்ட கையெழுத்துக் கட்டுகள் பரணுக்குப் போவதுதான் வழக்கம். இங்கே அப்படி நடக்கவில்லை. பரோடாவில் உடன் நின்ற மகள் மரகதவல்லி துரைபாண்டியன் அதை 1946-இல் அச்சில் கொண்டுவந்தார். மகன் வரகுண பாண்டியன் யாழைப் பற்றி ஆராய்ந்து 'பாணர் கைவழி' எழுதினார். பேரன் தனபாண்டியன் இசைப் பேராசிரியரானார். தஞ்சாவூரில் பண்டிதர் பெயரில் சாலை இருக்கிறது, அந்தப் பக்கம் போகிறவர்கள் பார்க்கலாம். 1917-ஆம் வருஷப் புத்தகம் மறுபதிப்பாகவும் வந்திருக்கிறது. தடிமனைப் பார்த்துப் பயப்படாமல், சிலப்பதிகாரம் வருகிற இடத்திலிருந்து தொடங்குங்கள்.