ஐயம் கடந்த யாத்திரிகர்

நம்பிக்கை உடையார் உள்ளத்தில் ஐயம் தோன்றுதல் குற்றமென்று கருதுவார் பலர். அடியார் வரலாறுகளை ஊன்றிக் கற்பார் அங்ஙனம் கருதார். ஐயம் தோன்றிய பின்னரும் வழியினின்று விலகாது நடத்தலே உறுதிப்பாடு என்பதற்குக் கிறித்தவக் கம்பர் எனப் போற்றப்பெறும் எச். ஏ. கிருஷ்ண பிள்ளையின் வாழ்க்கை தக்க சான்றாகும்.

திருநெல்வேலிச் சீமையிலுள்ள கரையிருப்பு என்னும் ஊரில், 1827-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள், வைணவ வேளாளர் குடியில் அவர் பிறந்தார். இளமையிலேயே தமிழ் நூல்களை முறையாகக் கற்றார். கம்பராமாயணம் அவருக்குக் கல்விக்குரிய நூலாக மட்டுமன்றி, வழிபாட்டோடு இயைந்த நூலாகவும் விளங்கிற்று. 1853-இல் சாயர்புரத்துக் கிறித்தவக் கல்விச்சாலையில் தமிழாசிரியராக அமர்ந்தபோதும் திருமாலடியாராகவே அங்குப் புகுந்தார். கிறித்தவ சமயத்தின்பால் அவருக்கு அப்போது மதிப்பு இருந்ததில்லை.

காலப்போக்கில் நெருங்கிய தோழர் ஒருவரும், உடன்பிறந்தாராகிய முத்தையா பிள்ளையும் கிறித்தவ சமயம் சார்ந்தனர். அவர்களோடு வாதிட்டும், விவிலியத்தைப் பயின்றும், தம்முள்ளே வினாவியும் கிருஷ்ண பிள்ளை நெடிது அலமந்தார். பிறந்த குடியின் பற்று ஒருபுறமும், புதிதாகக் கண்ட பொருளின் ஈர்ப்பு மறுபுறமும் அவரை வருத்தின. முடிவில், முப்பதாண்டு கடந்த நிலையில், 1858-இல் சென்னை மயிலாப்பூரில் திருமுழுக்குப் பெற்றார்.

ஆயினும் திருமுழுக்கோடு போராட்டம் ஓய்ந்துவிடவில்லை. தெய்வம் மாறியவர் தம்மை வளர்த்த காப்பியத் தமிழையும் கைவிடல் வேண்டுமோ? இவ்வினாவுக்கு அவர் சொல்லால் விடை கூறாது செயலால் கூறினார். பழந்தமிழ் நூல்களினின்று தெரிந்தெடுத்த பகுதிகளை மாணவர்க்கெனக் காவிய தர்ம சங்கிரகமாகத் தொகுத்தார். பின்னர்த் தாமே ஒரு பெருங்காப்பியம் இயற்றத் தலைப்பட்டார்.

அதற்கு அவர் மூலமாகக் கொண்டது ஆங்கில நாட்டு ஜான் பனியன் இயற்றிய மோட்சப் பிரயாணம். பனியனும் கொடிய ஐயங்களால் அலைப்புண்டவர். அரசின் ஆணைக்கு அடங்காது திருமொழி புகன்றமையால் பன்னிரண்டு ஆண்டுகள் சிறையிருந்தவர். அவர்தம் நூலில், வானகம் நோக்கிச் செல்லும் யாத்திரிகன் ஐயம் என்னும் கோட்டையுள் அவநம்பிக்கை என்னும் அரக்கனால் அடைக்கப்படுகிறான். விடுதலை தரும் திறவுகோல் வேறெங்கும் இல்லை. அவனது மார்பிலேயே இருக்கிறது. இறைவன் அளித்த வாக்குறுதியே அத்திறவுகோல். தன்னிடம் இருப்பதை மறந்திருந்தமையே அவன் சிறையின் வலிமை என்பது கருத்து. நெடுங்காலம் அலமந்த நம் புலவர் இக்கதையைத் தேர்ந்தது வியப்பன்று.

1894-இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம் ஐந்து பருவங்களும் மூவாயிரத்து எழுநூறுக்கும் மேற்பட்ட செய்யுள்களும் உடையது. மூலக்கதையோடு நில்லாது இயேசு பெருமானின் பாடுகளையும் விரித்துரைத்து, இடையிடையே தேவாரம் என்னும் பெயரால் இசைப்பாடல்களையும் அமைத்தார். கம்பரின் யாப்பும் ஆழ்வார்களின் உருக்கமும் புதிய பொருளுக்கு ஏவல் செய்தன. திருமுழுக்குக்கும் இந்நூல் வெளியீட்டுக்கும் இடைப்பட்டவை முப்பத்தாறு ஆண்டுகள்! அவ்வளவு காலமும் தம் உள்ளத்தைப் பண்படுத்தி வந்தார்.

ஊவா மலைநாட்டார்க்கும் இவ்வரலாறு அயலானதன்று. 1854-இல் இலங்கைத் தோட்டங்களில் தொடங்கப்பெற்ற தமிழ்க் கூலி மிஷன் திருநெல்வேலி உபதேசிமாரைக் கொண்டே தொண்டாற்றியது. கிருஷ்ண பிள்ளையின் நெஞ்சில் போராட்டம் நிகழ்ந்த அதே காலத்தில், அவர்தம் சீமையினின்று கடல்கடந்தோர் இம்மலைகளில் அச்சமயத்தை எடுத்துரைத்தனர். எல்லக் கணவாயில் மூடுபனி கவியுங்கால் எதிர்வழி புலப்படாது. எனினும் வழிச்செல்வார் கால்முன் தெரியும் அடியை நம்பியே நடப்பர்.

கிருஷ்ண பிள்ளையும் அங்ஙனமே நடந்தார். 1900-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் நாள் அவரது யாத்திரை நிறைவெய்தியது. ஐயுறும் மாணவனைக் கடிந்து அடக்கும் ஆசிரியர், தாமும் ஐயுற்று நடந்தே இவ்வாசிரியர் காப்பியம் கண்டார் என்பதை நினைவிற் கொள்வாராக.